ஐந்து டிகிரி

நான் குடித்ததில்லை.
ஆனால் ஆறு வருஷமாக
அலெக்சாண்ட்ரா சாலையில் வடிந்த ஒவ்வொரு காலன் பீரும்
என் கையெழுத்தைத் தாண்டித்தான் கடைக்குப் போனது.
தீர்வை இலாகா, இரண்டாம் நிலைக் குமாஸ்தா.
கண்ணாடி மிதவை ஒன்று, பித்தளைக் கோல் ஒன்று.
காலையில் பூசிய திருநீறு
கொதிகலன் ஆவியில் பத்து மணிக்குள் கரைந்துவிடும்.

வடிப்பறைத் தலைவர் எமில் ப்ராண்டிஸ், பிரேமன்காரர்.
ஹாம்பர்க் என்று யாரும் அவர் எதிரில் சொல்லக்கூடாது.
"எங்கள் பீப்பாய் ஏறாத கப்பல்
வடகடலில் இல்லை, மிஸ்டர் பிள்ளை.
அந்த ஊர்க்காரன் பார்த்துப் பழகினான்,
மலிவாக விற்றான், சந்தையைத் தூக்கிக்கொண்டு போனான்."
எப்போது, போன யுத்தத்துக்கு முன்பா என்றேன்.
விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.
"அறுநூறு வருஷம் இருக்கும்."
நான் சிரிக்கவில்லை.
ஒரு வரப்புக்காக மூன்று தலைமுறை
தஞ்சாவூர் கோர்ட்டுக்கு நடந்த குடும்பம் என்னுடையது.

ஒருநாள் மூடியைத் திறந்து காட்டினார்,
சாம்பல் பூத்த கூழ்.
இதுதான் பீரைச் செய்கிறது, நான் வெறும் காவல்காரன் என்றார்.
எனக்குப் புரிந்தது: உறை.
நேற்றைய தயிரில் ஒரு கரண்டி, நாளைய பாலுக்கு.
ஆனால் இது குளிரில் மட்டும் வேலை பார்க்கும் சாதி.
அவர் ஊரில் ஆற்றுப் பனிக்கட்டியை அறுத்து
வைக்கோல் மூடி நிலவறையில் அடுக்கிக்
கோடையைக் கடத்துவார்களாம்.
இங்கே கோடை முடிவதே இல்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் அம்மோனியா எந்திரம்
இராப்பகலாக இரைந்தது,
ஒரு ஜெர்மன் நிலவறையைச் சிங்கப்பூருக்குள் பிடித்து வைக்க.

எங்கள் வீட்டு தோசைமாவு
விடியுமுன் சட்டி தாண்டிவிடும் என்றேன்.
மறுநாள் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கினார்.
முகர்ந்தார். என் மிதவையை அதில் விட்டார்.
விட்ட இடத்திலேயே நின்றது.
"இதற்குத் தீர்வை எவ்வளவு?"
அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

செப்டம்பர். ஞாயிறு இரவு வானொலி.
திங்கள் காலை ஏழரைக்குப் போலீஸ் லாரி.
கோட்டு மாட்ட விட்டார்கள்.
கம்பிக்குள்ளிருந்து எங்கள் பக்கம் திரும்பி
"ஐந்து!" என்று கத்தினார்.
"ஐந்துக்கு மேலே போக விடாதே!"

இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்தார்.
அதென்ன ஐந்து? ஆளா, மணியா, கப்பலா?
டிகிரி, ஐயா.
நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு.

ஏழாம் தொட்டியில் மூன்று நாள் பீர்.
எதிரியின் சொத்து, அரக்கு முத்திரை வை என்று எனக்கு உத்தரவு.
முத்திரை விழுந்தால் கதவு திறக்காது.
குளிர் வால்வு கதவுக்கு உள்ளே.
தியோ பூன் லெங் ஒன்றும் கேட்கவில்லை,
வெப்பமானியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

அரக்கு கைவசம் இல்லை என்று எழுதினேன்.
இருபது வருஷ உத்தியோகத்தில் என் முதல் பொய்.
மேஜை இழுப்பறையில் சிவப்பாக ஆறு கட்டை கிடக்க,
பதினோரு நாள் அரக்கு வரவே இல்லை.
தினம் இரவு தியோ உள்ளே போனார்,
வெளியே வந்து கையை விரித்துக் காட்டினார்:
ஐந்து விரல்.

அப்புறம் புது முதலாளி, புது லேபிள்.
கூழ் அதே கூழ், தொட்டி விட்டுத் தொட்டி.
டாங்ளின் பட்டாளத்துப் பையன்கள் அதை மொண்டு குடித்து
ஜெர்மனி ஒழிக என்று மேஜையைத் தட்டினார்கள்.
தீர்வை கூடியது. எழுதினேன்.
ப்ராண்டிஸை எந்தக் கப்பலில் ஏற்றினார்கள்,
எந்தக் கரையில் இறக்கினார்கள், தெரியாது.
கேட்கிற இடத்தில் நான் இல்லை.

எப்படி இருக்கும், புளிக்குமா என்று
ஒருநாள் தியோவைக் கேட்டேன்.
கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் யோசித்தார்.
"ஹாம்பர்க்கைவிட நன்றாகவே இருக்கும்" என்றார்,
மலாக்காவைத் தாண்டி எங்கும் போகாத தியோ.